கானுக்கு ஒயில் விடாத ஒரு சேர்விஸ் நிலையம்

வவுனியா நகரத்துக்குச் சற்று வெளியே, ஏ9 வீதியில் இருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில் இந்தச் சேர்விஸ் நிலையம் இருக்கிறது. முன்னுக்குப் பெரிய பலகை எதுவும் இல்லை. நீலத் தண்ணீர்த் தாங்கி வைத்த வளவு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நான் ஹயர் வான் ஓட்டுகிறவன், பழைய டொல்பின். ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கால் ஒயில் மாற்றி, அடிப்பக்கம் கழுவி, கிறீஸ் அடித்து எடுக்க வேண்டும். இப்போது அதற்கு வேறு இடம் போக மனம் வருவதில்லை.

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கிறீஸ் அடிக்க முதல் ஒவ்வொரு நிப்பிளையும் துடைக்கிறார்கள். ஒயில் விட்ட பிறகு மட்டம் பார்க்கிற ஸ்டிக்கை உருவி எங்களிடமே காட்டுகிறார்கள். வானுக்குள் விரிப்பைத் தூக்கிக் கீழே இருக்கிற மண்ணையும் எடுக்கிறார்கள். மற்ற இடங்களை விட ஐந்நூறு ரூபா கூடுதலாக வரும். அந்த ஐந்நூறு ரூபாவை நான் விருப்பத்தோடுதான் கொடுக்கிறேன். காரணம் வாகனத்தை ஏற்றி நிறுத்துகிற ராம்புக்குப் பின்னால் இருக்கிறது.

பின்னால் கொங்கிறீற்று மூடி போட்ட மூன்று குழிகள் வரிசையாக இருக்கின்றன. கழுவுகிற தளம் முழுக்க அந்தப் பக்கம் சரிவாகக் கட்டியிருப்பதால், வாகனத்தில் பட்ட தண்ணீர் ஒரு சொட்டும் வீதிப் பக்கம் ஓடாது. நான் கேட்டதும் உரிமையாளர் ஐயா கம்பியால் மூடிகளை நெம்பித் திறந்து காட்டினார். முதலாவது குழியில் செம்மண்ணும் மணலும் அடியில் படிந்து, கலங்கல் தண்ணீர் நின்றது. இரண்டாவதில் கறுப்பு ஒயில் ஒரு விரற்கடை தடிப்பில் மிதந்தது. இந்தக் குழியில் இருந்து அடுத்ததுக்குப் போகிற குழாய் நீர்மட்டத்துக்குக் கீழே வளைந்து இறங்குகிறது. ஆகவே மேலே மிதக்கிற ஒயில் அங்கேயே தங்க, கீழே இருக்கிற தண்ணீர் மட்டும் நகர்ந்து போகும். மூன்றாவது குழியில் தண்ணீர் மங்கலாக இருந்தாலும் மேலே படலம் இல்லை. ஐயா ஒரு வெள்ளைத் துணித்துண்டை அதன் மேல் பரப்பிவிட்டு எடுத்துக் காட்டினார். நனைந்திருந்ததே தவிர ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் சின்ன மோட்டார் வைத்து இழுத்து, அடுத்த வாகனத்தின் அடிப்பக்கச் சேற்றை முதல் தரம் கழுவப் பாவிக்கிறார்கள். மிஞ்சுவது மட்டும் வெளியே போகும்.

“தம்பி, இது பெரிய விஞ்ஞானம் இல்லை. ஒயில் மேல நிக்கும், தண்ணி கீழால போகும். கிழமைக்கு ஒருக்கா மேல நிக்கிறதை அள்ளவேணும், அடியில கிடக்கிற சேத்தையும் எடுக்கவேணும். அள்ளாட்டி இந்தக் குழி இருந்தும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான்” என்றார்.

வேறு இடங்களில் இந்தக் குழியைக் கண்டிருக்கிறேன். ஆனால் மூடியைத் திறந்தால் வாய்வரை சேறு இறுகிக் கிடக்கும். அப்புறம் தண்ணீர் நேரே கானுக்கு, அதாவது வீதியோர வடிகாலுக்குத்தான்.

கானில் விடுகிற தண்ணீரை மாநகர சபை எங்கேயோ கொண்டுபோய்ச் சுத்தம் செய்கிறது என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அப்படி இல்லை. வீதியோரக் கான் மழைத்தண்ணீருக்காகக் கட்டியது. அதன் முடிவில் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் கிடையாது. மதகு தாண்டி, வாய்க்கால் தாண்டி, ஏதாவது ஒரு குளத்தில்தான் அது போய் விழும். வவுனியா குளங்களுக்கு நடுவே வளர்ந்த நகரம். வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம், தாண்டிக்குளம், இறம்பைக்குளம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு குளத்தின் பெயரில்தான் ஊர் இருக்கும். வன்னியில் ஒரு குளத்தின் மேலதிக நீர் அடுத்த குளத்துக்குப் போகும்படிதான் முன்னோர் கட்டி வைத்தார்கள். மேலே இருக்கிற குளத்தில் விழுந்தது கீழே இருக்கிற வயலுக்கும் வரும். குளம் நிரம்பினால்தான் பக்கத்துக் கிணறுகளிலும் தண்ணீர் ஏறும்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விசயம் இல்லை. எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்னக் குளத்துக்குக் கீழே வயல் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் மாரி தொடங்கி முதல் பெருமழை அடித்தபோது, வரவையில் நின்ற தண்ணீரில் நிறம் நிறமாய்ப் படலம் மிதந்தது. காலை வைத்து எடுத்தால் கணுக்காலில் கறுப்பு வளையம். முளைத்து ஒரு சாண் வளர்ந்த காலபோக நெல்லில் தண்ணீர் வரும் மூலையில் நின்றது மட்டும் பழுத்துச் செத்தது. வாய்க்கால் வழியே மேலே நடந்து போனோம். வாகனம் கழுவுகிற ஒரு வளவின் பின்மதிலில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். கோடை முழுக்கக் கானில் ஊற்றித் தேங்கியது, முதல் மழையோடு ஒன்றாகக் கிளம்பி வந்திருக்கிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று தொடக்கம் வானைக் கொடுக்க முதல் பின்பக்கம் போய்ப் பார்க்காமல் எந்த இடத்திலும் கொடுப்பதில்லை.

பழைய எஞ்சின் ஒயில் வெறும் எண்ணெய் இல்லை. எஞ்சின் தேய்ந்து வருகிற உலோகத்தூள், எரிந்த கரி, ஈயம், துத்தநாகம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். தண்ணீர் மேல் படலமாய்ப் பரவினால் கீழே இருக்கிற மீனுக்கும் பூச்சிக்கும் காற்றுப் போகாது. என் வானில் ஒரு தரம் கழற்றுவதே ஐந்தாறு லீற்றர். நகரத்தில் ஓடுகிற வான், ஓட்டோ, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இந்த நிலையத்தில் கழற்றிய ஒயில் நேரே பரலுக்குப் போகிறது. பரல்கள் கூரைக்குக் கீழே, சுற்றிவரச் சின்னச் சீமெந்துக் கட்டு கட்டிய இடத்தில் நிற்கின்றன. பரல் ஓட்டையானாலும் ஒயில் அந்தக் கட்டுக்குள்ளேதான் நிற்கும். பழைய பில்டரை உடனே குப்பையில் போடாமல், புனலில் கவிழ்த்து ஒரு இரவு வடிய விடுகிறார்கள். நிலத்தில் சிந்தினால் தண்ணீர் அடித்துத் தள்ளாமல் மரத்தூள் போட்டுக் கூட்டி எடுக்கிறார்கள். நான் நிற்கும்போது பெடியன் ஒருவன் கவனமில்லாமல் தட்டத்தைத் தட்டிவிட, மற்றவன் ஒன்றும் சொல்லாமல் மரத்தூள் வாளியோடு வந்து நின்றான். யாரும் ஏவவில்லை. அந்தப் பழக்கம் ஊறியிருக்கிறது. நிரம்பிய பரல்களை அனுமதிப்பத்திரம் உள்ள சேகரிப்பாளர் வந்து ஏற்றுகிறார். வேலிக்கட்டைக்குக் கறையானுக்குப் பூச என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஐயா கொடுப்பதில்லை. கிணற்றடி வேலியில் பூசினால் மழைக்கு அது எங்கே போகும் என்று திருப்பிக் கேட்கிறார். எங்கள் அப்பாவும் அப்படிப் பூசினவர்தான். வன்னியில் அது பழைய வழக்கம், விடவேண்டிய வழக்கம்.

சவர்க்கார விசயத்திலும் இவர்கள் கவனம். நுரை கூடினால் ஒயில் நுணுக்கமாய்ச் சிதறித் தண்ணீரோடு கலந்துவிடும். மேலே மிதக்காது. அப்படி வந்தால் எந்தக் குழியும் பிரித்தெடுக்காது. அதனால் ஷம்போவை அளந்து ஊற்றுகிறார்கள், அடிப்பக்கத்துக்கு மண்ணெண்ணெய் அடிப்பதே இல்லை. நுரை குறைவு என்று குறை சொல்கிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களாம். வான் சுத்தமாகத்தான் வருகிறது.

அலுவலக அறைச் சுவரில் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. திகதியையும் பார்த்தேன், செல்லுபடியாகிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வாகன சேர்விஸ் நிலையங்களுக்கு இந்த உரிமம் கட்டாயம். குளம், ஆறு போன்ற உள்நாட்டு நீர்நிலைகளுக்குள் விடுகிற கழிவுநீரில் எண்ணெயும் கிறீசும் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. வடக்கில் இருக்கிற எங்களுக்கு இதன் அருமை யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் தெரிந்துவிட்டது. அங்கே மின் நிலையத்துக் கழிவு ஒயில் கிணறுகளில் கலந்து சனம் பட்ட பாடும், 2019இல் உயர் நீதிமன்றம் அந்த மின் நிலைய நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னதும் எல்லாரும் அறிந்தது. நிலத்தடியில் போன ஒயிலை எந்தத் தீர்ப்பாலும் அள்ளி எடுக்க முடியாது. வன்னியில் நகரங்கள் இப்போதுதான் பெருகின்றன. இங்கே நேரத்தோடு தடுக்கலாம்.

குறைகளும் இருக்கின்றன. ராம்பின் முன்பக்கம் நாலைந்து அடிக்குக் கூரை இல்லை. சாரல் மழை அடித்தால் அந்த இடத்தில் சிந்தியது கழுவுப்பட்டு வாசல் வழியே கானுக்குப் போகும். இதை ஐயாவிடம் சொன்னேன். மாரிக்கு முதல் வாசலில் குறுக்கே ஒரு மேடு கட்டுவதாகச் சொன்னார். கட்டத்தான் வேண்டும், கூரையையும் நீட்ட வேண்டும். பெருமழை நாட்களில் குழி மேவும் என்று கழுவுகிற வேலையையே நிறுத்திவிடுவார்கள். சரியான முடிவுதான், ஆனால் போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. காத்திருக்கிற இடம் வெக்கை, ஒரேயொரு காற்றாடி. பெண்கள் பாவிக்கக் கூடிய கழிப்பறை இல்லாதது பெரிய குறை. குடும்பத்தோடு தூர இடத்தில் இருந்து வருகிறவர்களுக்குக் கஷ்டம்.

சனிக்கிழமை சனம் அதிகம், பாதி நாள் போய்விடும். கிழமை நாளில் காலை எட்டு மணிக்கு முதல் போனால் பத்தரைக்குள் வானை எடுக்கலாம். வீட்டிலேயே மோட்டார் சைக்கிளுக்கும் லாண்ட்மாஸ்டருக்கும் ஒயில் மாற்றுகிறவர்கள் பழைய ஒயிலைக் கேனில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தால் காசு வாங்காமல் பரலில் சேர்த்துக்கொள்கிறார்கள். மூடி இறுக்கமான கேனில் கொண்டுபோங்கள். தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் சேகரிப்பாளர் முழுப் பரலையும் திருப்பிவிடுவாராம், அதனால் கலக்காமல் கொடுங்கள்.