இறகா நாணலா, கடுக்காயா கரியா?

வீட்டிலேயே பேனா சீவி, மையும் காய்ச்சி, அழகெழுத்து பழக வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லோரும் முதலில் இறகைத்தான் தேடுகிறார்கள். நான் கடலூரில் மூன்று வருடமாக இறகு, நாணல் இரண்டையும் சீவி எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதப்போவது தமிழ் என்றால் நாணலில் தொடங்குங்கள், இறகு அப்புறம்.

காரணம் நம் எழுத்தின் சுழிதான். ஆங்கில எழுத்தில் பெரும்பாலான கோடுகளை மேலிருந்து கீழே இழுத்தே முடித்துவிடலாம், வளைவு வந்தால் பேனாவை எடுத்து மறுபக்கத்திலிருந்து இழுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். ‘ண’வை அப்படி வெட்டி ஒட்டினால் எழுத்தில் உயிரே இருக்காது. சுழி மேலே ஏறும்போது பேனாவைத் தள்ளித்தான் ஆக வேண்டும்; தள்ளும்போது இறகின் மெல்லிய முனை காகித நாரில் மாட்டி, முனை நடுவில் கீறியிருக்கும் பிளவு விரிந்து, பொட்டுப் பொட்டாக மையைத் தெறிக்கும். நாணல் விறைப்பானது. முனையின் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மழுக்கிவிட்டால் எந்தத் திசைக்கும் வழுக்கிக்கொண்டு போகும்.

நாணல் என்றால் வெள்ளையாகப் பூக்கிற ஒல்லி நாணல் இல்லை, சுண்டுவிரல் தடிமனாவது இருக்கிற கொறுக்கைத் தட்டை. கிடைக்காவிட்டால் மூங்கில் குச்சி போதும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பச்சையாகச் சீவினால் இரண்டு நாளில் முனை கோணிக்கொள்ளும். பிளவு போடும் இடம்தான் ஆபத்து, கத்தி வைத்தால் குச்சி நெடுக விட்டுப்போகும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் பிளவு முடிய வேண்டிய இடத்தில் முதலில் ஒரு துளை போட்டுவிடுங்கள், பிளவு அங்கேயே நின்றுவிடும். நாணலின் பெரிய குறை, மை பிடித்துவைக்காது. இரண்டு மூன்று எழுத்துக்கு ஒரு முறை தொட வேண்டும். குளிர்பான டின்னிலிருந்து மெல்லிய தகடு வெட்டி, வளைத்து முனைக்குள் செருகினால் ஒரு சொல்லாவது தாங்கும்.

இறகில் அந்தத் தொல்லை கிடையாது, ஒரு முறை தொட்டால் நிறைய எழுதலாம். மயிரிழைக் கோடும் அதில்தான் வரும், நாணலில் எத்தனை சீவினாலும் வராது. ஐரோப்பாவில் பெரிய வாத்தின் இறகை எடுத்தார்கள். நம் வயலில் மேயும் வாத்தின் இறகு தண்டு மெல்லிசு, வான்கோழிதான் சரி. சிறகின் ஓரத்து நீள இறகுகளை எடுங்கள். இடது சிறகின் இறகு வலது கைக்காரருக்கு வாகாக வளையும். விரலில் உரசும் தூவியை மழித்துவிடுங்கள். ஆனால் பறித்த இறகை அப்படியே சீவக் கூடாது, நம் கடற்கரை ஈரக் காற்றில் அரைப் பக்கத்துக்குள் முனை நைந்துவிடும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, கடலை வறுக்கிற மாதிரி வாணலியில் மணலைச் சுடவைத்து, தண்டை அதில் சில நொடி செருகி எடுக்க வேண்டும். பால்வெள்ளையாக இருந்த தண்டு கண்ணாடி போலத் தெளிந்து கெட்டிப்படும். கொப்புளம் கிளம்பினால் சூடு மிஞ்சிவிட்டது, அந்த இறகைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மையில் எனக்கு அதிகம் பிடித்தது கடுக்காய் மை. கடுக்காய்க்கு அகநஞ்சு என்பார்கள், மைக்கும் கொட்டை வேண்டாம், துவர்ப்பெல்லாம் தோலில்தான் இருக்கிறது. 60 கிராம் தோலை இடித்து அரை லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டு, வடிகட்டி, 20 கிராம் அன்னபேதி, 20 கிராம் கருவேலம் பிசின் கரைத்தால் மை தயார். அன்னபேதி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். உரக்கடையில் பெர்ரஸ் சல்பேட் என்று கேட்டாலும் அதேதான். வெளிர்பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பேறியதை வாங்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பாதாம் பிசின் வேண்டவே வேண்டாம், அது கரையாது, ஊதி நிற்கும்.

இந்த மை எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். காற்றுப் பட்டு, கண் முன்னாலேயே சாம்பலாகி, மறுநாள் கருகருவென்று நிற்கும். எனக்கு இன்னும் அலுக்காத காட்சி அது. கறுக்கவில்லையே என்று அவசரப்பட்டு அன்னபேதியைக் கூட்டிவிடாதீர்கள். மையிலுள்ள அமிலமும் மிஞ்சிய இரும்பும் வருடக்கணக்கில் காகிதத்தை அரிக்கும். இந்த வகை மையில் எழுதிய பழைய ஐரோப்பிய ஏடுகள் சிலவற்றில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகவே கிடக்கிறது. பூஞ்சை பிடிக்காமல் இருக்க இரண்டு கிராம்பு போட்டுவைப்பேன்.

கரி மை இதற்கு நேர்மாறு. வீட்டில் கண்மைக்குப் பிடிப்பது போலவே விளக்கெண்ணெய் அகலின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்து, பிசின் தண்ணீர் விட்டுக் கல்வத்தில் அரைக்க வேண்டும். வெறும் தண்ணீரில் கரி மிதக்கும், கெட்டியான பிசினில்தான் முதலில் குழைக்க வேண்டும். ஒரு மணி நேரம் கை வலிக்க அரைக்காவிட்டால் திப்பி திப்பியாக நிற்கும். ஆனால் எழுதியது உடனே கறுப்பு, காகிதத்தை அரிக்காது, வெளுக்காது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் சைவ ஓலைச்சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது; எழுத்தாணி கீறிய கோட்டில் கரியைத் தேய்த்துத்தான் ஓலையில் எழுத்தைத் தெரியவைப்பார்கள். கரி அவ்வளவு நிற்கும். ஒரே பயம் தண்ணீர்தான், காகிதத்தின் மேல் படிந்திருப்பதால் ஒரு சொட்டு விழுந்தாலும் இழுகிவிடும்.

ஆகவே நாணலுக்குக் கரி, இறகுக்குக் கடுக்காய். மாற்றிப் போட்டால் கரி மை இறகின் பிளவை அடைக்கும், கடுக்காய் மை நாணலிலிருந்து குபுக்கென்று இறங்கிக் கைக்காகிதத்தில் பரவும். டிசம்பரில் வான்கோழி வெட்டுகிற வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள், சிறகைக் குப்பையில் போடாமல் எடுத்துவைப்பார்கள். அது வருகிறவரை நாணலில் ‘ண’ எழுதிக்கொண்டிருங்கள்.