முதியோர் இல்லத்துக்குப் பல் மருத்துவம்: பெட்டியா, வேனா, கிளினிக்கா?

பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் முதியவர்களுக்குப் பல் சிகிச்சை கிடைக்க மூன்று வழிகள் உண்டு. மருத்துவர் கருவிகளைப் பெட்டிகளில் எடுத்துக்கொண்டு அறைக்கே வரலாம். முழுக் கிளினிக்கையும் வேனுக்குள் அமைத்து வாசலில் நிறுத்தலாம். முதியவரை வண்டியில் ஏற்றி வெளியே உள்ள கிளினிக்குக்குக் கூட்டிப் போகலாம். கேமராவில் படம் எடுத்து அனுப்பித் தொலைவிலிருந்து பார்க்கும் முறையை நான்காவது வழி என்று சொல்வார்கள். அதில் பல்லுக்கு யாரும் எதுவும் செய்வதில்லை என்பதால் அதைத் தனியாகப் பார்ப்போம்.

நிர்வாகிகள் பெரும்பாலும் வேனின் பளபளப்பைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு கணக்கு எடுங்கள். தானாக நடப்பவர் எத்தனை பேர்? வீல்சேரில் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்காரக்கூடியவர் எத்தனை பேர்? இருவர் தூக்கினாலொழிய அல்லது தூக்கி இயந்திரம் இருந்தாலொழிய படுக்கையை விட்டு இறங்க முடியாதவர் எத்தனை பேர்? மூன்றாவது பட்டியலில் இருப்பவர்கள் வேன் வாசலில் நின்றாலும் அதில் ஏறப்போவதில்லை. பல் நிலைமை மிக மோசமாக இருப்பதும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

அடுத்து, அந்த வாய்களில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்களில் சொத்தை, உடைந்து நிற்கும் வேர்த் துண்டுகள், ஆடும் பற்கள், தளர்ந்துபோன பல்செட், மருந்துகளால் உலர்ந்த வாய். பெரிய அறுவை சிகிச்சை வேண்டியவர்கள் குறைவு. இந்தப் பட்டியலில் பெரும்பகுதியை அறையிலேயே முடித்துவிடலாம். அதனால் எங்கள் தேர்வு பெட்டிதான். வேனும் கிளினிக்கும் அது எட்டாத இடங்களுக்கு.

பெட்டியோடு வரும் முறை

ஒரு முழுத் தொகுப்பில் எண்ணெய் இல்லாத கம்ப்ரசர், பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ், காற்றும் தண்ணீரும் தரும் சிரிஞ்சு, வாயில் சேரும் நீரை உறிஞ்சும் சக்ஷன், சுத்தத் தண்ணீர் பாட்டில், கழிவுநீர் பாட்டில், பசை இறுக்கும் ஒளிக்கருவி, நெற்றி விளக்கு, கையடக்க எக்ஸ்-ரே கருவி, சென்சாரோடு ஒரு லேப்டாப் இருக்கும். இவற்றோடு ஆக்ஸிஜனும் அவசர மருந்துப் பெட்டியும் வந்தே ஆக வேண்டும். அவை இல்லாமல் வரும் குழுவை ஊசி போட அனுமதிக்காதீர்கள்.

இந்த முறையின் பலவீனம் சக்ஷன். பல பெட்டிகளில் ஒரே கம்ப்ரசர்தான் ஹேண்ட்பீஸுக்குக் காற்றையும் கொடுக்கிறது, உறிஞ்சுவதையும் இயக்குகிறது. ஹேண்ட்பீஸின் பெடலை மிதித்த உடனே சக்ஷன் தளர்ந்துவிடும். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவருக்கு இது ஆபத்து. பல் தூளும் கிருமியும் கலந்த தண்ணீர் தொண்டைக்குப் போய்ப் புரையேறினால் அடுத்த சில நாட்களில் நிமோனியாவாக வெளிப்படலாம். ஒப்பந்தம் போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, ஹேண்ட்பீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை உறிஞ்சச் சொல்லுங்கள். திணறினால், சக்ஷனுக்குத் தனி மோட்டார் உள்ள பெட்டி வேண்டும் என்று கேளுங்கள்.

நல்ல குழு தண்ணீரையே குறைத்துவிடும். சொத்தையைக் கையால் சுரண்டும் கருவி கொண்டு எடுத்து, கெட்டியாகக் கலந்த கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பசையை விரலால் அழுத்தி அடைக்கும் முறைக்கு மின்சாரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், பெரும்பாலும் ஊசியும் வேண்டாம். இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். பஞ்சு வைத்தும் எச்சில் ஊறி அடைப்பு நனைந்துவிடுவது ஒன்று. கலவையைப் பளபளப்பு போன பிறகு வைப்பதால் பல்லில் ஒட்டாமல் சில வாரங்களில் விழுவது மற்றொன்று.

வேர்ச் சொத்தைக்கு, சொத்தை பரவாமல் நிறுத்தும் திரவமான 38% சில்வர் டயமைன் ஃபுளோரைடு இருக்கிறது. ஃபுளோரைடு அளவு ஏறத்தாழ 44,800 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு). பல்லைப் பஞ்சால் காயவைத்து, சின்ன பிரஷ்ஷில் தொட்டு, சொத்தையில் ஒரு நிமிடம் வைத்துத் தடவ வேண்டும். ஒரு சொட்டு சுமார் ஐந்து பற்களுக்குப் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதை முன்கூட்டியே, கறுத்த பல்லின் படத்தைக் காட்டி, குடும்பத்தாரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது. உதட்டில் வாஸ்லின் தடவிவிட வேண்டும். தோலில் பட்ட கறை சில நாட்களில் போய்விடும், துணியில் பட்டது போகாது. வெள்ளி ஒவ்வாமை உள்ளவருக்கும், நரம்பு வரை போய் வலிக்கும் பல்லுக்கும் இது கூடாது.

படுக்கையில் வைத்துச் செய்வதானால் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, முகத்தை ஒரு பக்கம் சாய்த்து வையுங்கள். முழுக்கப் படுக்க வைக்காதீர்கள். கட்டிலை மருத்துவரின் முழங்கை உயரத்துக்கு ஏற்றுங்கள். ஏற்ற முடியாத கட்டிலில் நான்காவது நோயாளிக்கு வரும்போது மருத்துவரின் இடுப்பு தாங்காது, வேலையும் அவசரமாகிவிடும். வீல்சேரில் இருப்பவருக்குப் பின்னால் மாட்டும் தலைதாங்கி போதும்; நாற்காலி மாற்றிக் கீழே விழ வைக்க வேண்டியதில்லை.

கிருமி நீக்கம் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். இல்லத்தில் ஆட்டோகிளேவ் (நீராவியால் கருவிகளின் கிருமியை அழிக்கும் இயந்திரம்) இருக்காது. எனவே அன்றைய நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பவும் கூடுதலாக இரண்டும் என, பையில் சீல் வைத்த கருவிச் செட்டுகள் வர வேண்டும். அழுக்கானவை மூடிய, கசியாத பெட்டியில் திரும்பிப் போக வேண்டும். பத்துப் பேரைப் பார்க்க ஆறு செட்டோடு வந்தவர்கள் இடையில் ஏதோ திரவத்தில் முக்கி எடுக்கிறார்கள் என்றால் அன்றே நிறுத்துங்கள். தண்ணீர்க் குழாயில் பாசி போலக் கிருமிப் படலம் படியும். நாள் தொடக்கத்தில் 2 நிமிடமும், ஒவ்வொரு நோயாளிக்கு இடையிலும் 20 முதல் 30 விநாடியும் தண்ணீரை ஓடவிட வேண்டும். மாலையில் பாட்டிலைக் காலி செய்து காயவைக்க வேண்டும். முந்தைய இடத்துத் தண்ணீரோடு வந்திறங்கும் பெட்டி நம்பத்தக்கதல்ல.

வேன் எப்போது ஜெயிக்கும்

வேனுக்குள் சரியான நாற்காலி, வலுவான சக்ஷன், சுவரில் பொருத்திய எக்ஸ்-ரே, ஆட்டோகிளேவ் எல்லாம் இருக்கும். ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது), பல அடைப்புகள், பல்செட்டுக்கு அளவெடுப்பது போன்றவை பெட்டியை விட வேகமாகவும் தரமாகவும் முடியும். பெரும்பாலோர் நடமாடக்கூடிய இல்லத்துக்கு வேன்தான் சரி.

சிக்கல் வேனுக்கு வெளியே இருக்கிறது. சமதளமான, பெரிய வண்டி திரும்பக்கூடிய இடம் வேண்டும். தரை சாய்ந்திருந்தால் ஜாக்கி போட்டும் நாற்காலி கோணலாகவே நிற்கும். மின்சாரம் இல்லத்திலிருந்து எடுப்பதானால் கம்ப்ரசர், ஏ.சி., ஆட்டோகிளேவ் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும் சுமையைத் தாங்கும் தனி இணைப்பு வேண்டும். சாதாரணச் சுவர்ப் பிளக்கில் செருகினால் நடுவில் பிரேக்கர் விழும். வீல்சேர் லிஃப்ட் பழுதானால் அன்றைய பட்டியல் பாதி காலி. மழையிலும் வெயிலிலும் வரிசையில் காத்திருக்க நிழல் வேண்டும்.

மறதிநோய் உள்ளவர்களுக்கு வேன் பொருந்துவது கடினம். தெரிந்த அறையை விட்டு, தெரியாத கதவுக்குள், கருவிச் சத்தத்துக்கு நடுவே ஏற்றும்போது பலர் வாயை இறுக மூடிக்கொள்வார்கள். அதே மனிதர் தன் அறையில், தினமும் பார்க்கும் பணியாளர் கையைப் பிடித்திருக்க, கண்மட்டத்தில் இருந்து பேசினால் வாயைத் திறப்பார். அவர் கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டு இன்னொன்றால் நாம் துலக்குவது எளிய உத்தி, பலரிடம் பலிக்கும். நேரமும் முக்கியம்: காலை உணவுக்குப் பின் செய்யுங்கள். மாலையில் குழப்பமும் பதற்றமும் கூடும்.

கிளினிக்குக்குப் போகவேண்டியவர்கள்

தாடை எலும்புக்குள் புதைந்த பல், மயக்கம் கொடுத்தால் மட்டுமே செய்ய முடிகிற சிகிச்சை, வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்குவது, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண். இவற்றைப் பெட்டியோ வேனோ வைத்துச் சமாளிக்கக் கூடாது. மற்றவர்களை அழைத்துப் போனால் செலவாவது பணியாளரின் அரை நாள், முதியவரின் முதுகும் பொறுமையும். போவதானால் மருந்துப் பட்டியல், மாற்று டயப்பர், அவர் பல்செட், அவரை அறிந்த ஒரு பணியாளர் நான்கும் கூடப் போக வேண்டும். பல்செட்டை மேசை டிராயரிலேயே விட்டுவிட்டுப் போய், மறுபடி நாள் குறிப்பது அடிக்கடி நடக்கிறது.

பல் பிடுங்குவது: மூன்று முறைக்கும் பொதுவான கண்ணி

இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 24 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அளவு நிலையாக இருப்பவருக்கு 72 மணி நேரம் வரை ஏற்கலாம். 4-க்குக் கீழே இருந்தால் சாதாரணமாகப் பிடுங்கலாம், மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. புதிய வகை ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளில் காலை வேளை மாத்திரையைத் தள்ளுவதா என்பதை மருந்து எழுதிய மருத்துவரே சொல்ல வேண்டும். இல்லப் பணியாளர் தானாக நிறுத்தக் கூடாது. காலை வேளையில், வாரத் தொடக்கத்தில் பிடுங்குங்கள். இரவிலோ விடுமுறையிலோ ரத்தம் கசிந்தால் பார்க்க ஆள் கிடைப்பது கடினம். ஒரே நாளில் நிறையப் பிடுங்காமல், தையலும் உறையவைக்கும் பஞ்சும் வைத்து, குழு கிளம்பும் முன் ரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

எலும்புத் தேய்வு மருந்துகள் இதைவிட நழுவக்கூடியவை. அவற்றில் சில ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியாகவோ வருடத்துக்கு ஒரு டிரிப்பாகவோ போடப்படுவதால் தினசரி மாத்திரைத் தாளில் வருவதே இல்லை. பல் மருத்துவர் தாளைப் பார்த்துப் பிடுங்கிவிடுவார். தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிய ஆரம்பிக்கலாம். படிவத்தில் தனிக் கேள்வியாகவே வையுங்கள்: எலும்புக்கு ஊசியோ டிரிப்போ எப்போதாவது போட்டதுண்டா, கடைசியாக எப்போது?

மரப்பு ஊசியிலும் அளவுண்டு. இதய நோயுள்ளவருக்கு 1:1,00,000 அட்ரினலின் கலந்த 1.8 மி.லி. குப்பி இரண்டோடு நிறுத்துவது வழக்கமான எல்லை.

தொலைவிலிருந்து பார்ப்பது

வாய்க்குள் செல்லும் கேமராவில் பணியாளர் படம் எடுத்து அனுப்ப, பல் மருத்துவர் பின்னர் பார்த்து யாருக்கு அவசரம் என்று பிரிக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பல் ஆடுகிறதா, தட்டினால் வலிக்கிறதா, வேருக்கடியில் சீழ் இருக்கிறதா என்பது படத்தில் தெரியாது. எச்சிலைத் துடைக்காமல் எடுத்த படம் பளபளவென்று வெள்ளையாக மட்டுமே வரும்.

வருகைகளுக்கு இடையில்

எந்த முறையானாலும் குழு வருவது வருடத்தில் சில நாட்கள். மீதி நாட்களில் துலக்குவது பணியாளர்கள். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 2 ஆண்டுகள் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், உணவுக்குப் பின் துலக்கி, தேவைப்படும்போது பல் மருத்துவக் குழுவும் வாயைச் சுத்தம் செய்தவர்களில் 11% பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் 19%. எனவே ஒப்பந்தத்தில் பணியாளர் பயிற்சியையும் எழுதி வாங்குங்கள். கற்றுக்கொடுப்பதைப் பொம்மை வாயில் செய்யாமல், எதிர்க்கும் ஒரு முதியவரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள்.

அந்தப் பயிற்சியில் இருக்க வேண்டியவை: சொத்தை அதிகமுள்ளவருக்கு மருத்துவர் எழுதித்தரும் 5,000 பி.பி.எம். ஃபுளோரைடு பேஸ்ட், பட்டாணி அளவு, துப்பியபின் கொப்பளிக்காமல் விடுவது. இரவில் பல்செட்டைக் கழற்றி, சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, குளிர்ந்த நீரில் வைப்பது. வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். நுரைக்கும் மாத்திரைகளை மறதிநோயாளிகளின் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதிருப்பது. மிட்டாய் என்று விழுங்கியவர்கள் உண்டு. குச்சியில் பஞ்சு வைத்த ஸ்வாபைக் கடிப்பவர் வாயில் பயன்படுத்தாதிருப்பது. பஞ்சு கழன்று தொண்டையில் போகலாம். பல்செட்டின் உள்பக்கம் பெயர் எழுதி மேலே ஒளிபுகும் பிசின் பூசிவிடச் சொன்னால், சலவைத் துணியோடு காணாமல் போனதும் திரும்பி வரும்.

உதடு, நாக்கு, ஈறு, எச்சில், பற்கள், பல்செட், சுத்தம், வலி என எட்டு அம்சங்களுக்கு 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் வாய் பரிசோதனைத் தாள் ஒன்று பல நாடுகளில் பயன்படுகிறது. ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். இதைப் பணியாளர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பினால், பெட்டி வரும் நாளில் யாரை முதலில் பார்ப்பது என்ற பட்டியல் தயாராக இருக்கும். வலி என்று சொல்லத் தெரியாதவர்களுக்குச் சாப்பாட்டை ஒதுக்குவது, கன்னத்தைப் பிடிப்பது, பல்செட் போட மறுப்பது ஆகியவற்றையும் அதே தாளில் குறியுங்கள்.

ஒப்புதல் கையெழுத்து, மருந்துப் பட்டியல், அண்மைய ஐ.என்.ஆர். தேதி, எலும்பு ஊசிக் கேள்விக்குப் பதில் ஆகியவை வருகைக்கு இரண்டு வாரம் முன்னே சேகரிக்கத் தொடங்க வேண்டியவை. ஐ.என்.ஆர். பரிசோதனையை மட்டும் முந்தைய நாளுக்கு வையுங்கள். மருத்துவரும் உதவியாளரும் கொண்ட ஒரு குழுவால் ஒரு நாளில் 8 முதல் 10 பேருக்குத்தான் உருப்படியாகச் சிகிச்சை செய்ய முடியும். 30 பேரைப் பார்ப்போம் என்று எழுதிக் கொடுக்கும் நிறுவனம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போகப் போகிறது. கடைசியாக அவர்களிடம் கேளுங்கள்: சிகிச்சை முடிந்த அன்று இரவு யாருக்காவது ரத்தம் நிற்கவில்லை என்றால் எந்த எண்ணுக்கு அழைப்பது, எடுப்பது யார், வருவது யார்? மூன்றுக்கும் பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.