ரிப்போர்ட்டில் எண் ஏறியது, ஆர்டர் ஏறவில்லை: இணையக் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

பவானி ஜமக்காளத்தை ஆன்லைனில் விற்கிறோம். தளத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனத்துக்கு ஆறு மாதம், மாதம் 12,000 ரூபாய் கொடுத்தேன். மாதா மாதம் வரும் ரிப்போர்ட்டில் 'எங்கேஜ்மென்ட் ரேட்', அதாவது மொத்த வருகைகளில் ஈடுபாட்டோடு பார்த்தவை எத்தனை சதவீதம் என்ற கணக்கு, ஏறிக்கொண்டே போனது. ஆர்டர் ஏறவில்லை. கேட்டால், "வர்றவங்க நல்லா சுத்திப் பாக்குறாங்க சார், வாங்குறதுக்கு டைம் எடுக்கும்" என்பார்கள்.

ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "ஏனுங்க, உங்க கடையில ஜமக்காளமே இல்லீங்களா? தேடிப் பாத்தா ஒண்ணுமே வரலீங்க."

தேடல் பெட்டியில் நானே அடித்துப் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. கூகுளில் முன்னால் வரும் என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் 'காட்டன் கார்ப்பெட்' என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். 'பவானி ஜமக்காளம்' என்பது புவிசார் குறியீடு வாங்கிய பெயர். வயிறு எரிந்தது.

அப்புறம் அக்கா மகனோடு உட்கார்ந்து அந்த ரிப்போர்ட்டைப் படித்தேன். தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுளின் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் 4 கணக்குப்படி ஒருவர் 10 நொடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ அது 'எங்கேஜ்டு' வருகை. தேடியது கிடைக்காமல் ஐந்து பக்கம் அலைந்து வெறுங்கையோடு போனவரும் அதில் சேர்த்தி. அதைத்தான் எனக்கு வளர்ச்சி என்று காட்டியிருக்கிறார்கள்.

"சர்ச் பாக்ஸை யாரும் பயன்படுத்துவதில்லை" என்றும் எழுதியிருந்தார்கள். அதுவும் உண்மையில்லை. தேடல் முடிவுப் பக்கத்தின் முகவரியில் (URL), தேடிய சொல்லுக்கு முன்னால் q, s, search, query, keyword ஆகியவற்றில் ஒன்று இருந்தால்தான் அனலிட்டிக்ஸ் அந்தத் தேடலைத் தானாகப் பதிவு செய்யும். எங்கள் தளத்தில் வேறு சொல். செட்டிங்ஸில் அதைச் சேர்த்தால் போதும், அதைக்கூடச் செய்யவில்லை.

நிறுத்திக்கொள்கிறேன் என்றதும் அனலிட்டிக்ஸ் கணக்கு தங்கள் பெயரில் இருப்பதாகச் சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். ஆறு மாதத் தகவலும் போயிற்று. புதுக் கணக்கு தொடங்கி, எங்கள் முகவரியில் வரும் அந்தச் சொல்லை செட்டிங்ஸில் சேர்த்தோம். முதல் வாரமே ஜமக்காளம், ஜமுக்காளம், கல்யாண ஜமக்காளம், '6க்கு 9' என்று மக்கள் தேடியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

யாரிடம் வேலை கொடுத்தாலும் சரி, கணக்கை உங்கள் ஜிமெயிலில் தொடங்கி அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். ரிப்போர்ட் வந்தால், தேடியும் கிடைக்காமல் போன சொற்களின் பட்டியலை முதலில் கேளுங்கள். தளத்தைப் பார்த்தே இராத ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஒரு பொருளைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். நடுவில் வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். அக்கா மகனை அப்படித் தேடவிட்டபோது, டெலிவரிக் கட்டணம் எங்கே இருக்கிறது என்பதையும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.