லுபெரோனா, உசேஸா? தென் பிரான்ஸில் ஒரு வார வில்லா

பாரிஸில் டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஏறினால் 2 மணி 40 நிமிடத்தில் அவிஞோன். அங்கே கார் எடுத்துக் கிழக்கே திரும்பினால் லுபெரோன் மலையடிவாரம். மேற்கே ரோன் ஆற்றைத் தாண்டினால் உசேஸ். இரண்டுக்கும் முக்கால் மணி நேர ஓட்டம்தான். கல் வீடு, நீச்சல் குளம், ஆலிவ் மரம், பகல் முழுக்கச் சில்வண்டுச் சத்தம் எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. வில்லா படங்களை மட்டும் பார்த்தால் எது எந்த ஊர் என்றே தெரியாது. அக்கா குடும்பமும் நாங்களுமாக ஒரு கோடை அங்கே, மறு கோடை இங்கே என்று ஒவ்வொரு வாரம் தங்கிப் பார்த்தோம். சின்னப் பிள்ளைகளோடு ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்களுக்கு என் வாக்கு உசேஸுக்குத்தான்.

காரணம் கார்தோன் ஆறு. வில்லா குளம் இரண்டு நாளில் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். உசேஸிலிருந்து கொஞ்ச தூரத்தில் கொலியாஸ் என்ற கிராமம். அங்கே படகு வாடகைக்கு எடுத்துத் துடுப்புப் போட்டால், சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே சுமார் 8 கிலோமீட்டர் போய், கடைசி வளைவில் பொன் து கார் பாலம் எழுந்து நிற்கும். உசேஸ் ஊற்றுத் தண்ணீரை நீம் நகரத்துக்குக் கொண்டுபோக ரோமானியர் கட்டிய 50 கிலோமீட்டர் கால்வாய், ஆற்றைக் கடக்கும் இடம் அது. உயரம் 49 மீட்டர். அதன் நிழல் விழுந்த தண்ணீரில் என் மகள் மல்லாந்து மிதந்தபடி வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். லுபெரோனில் இப்படி ஓர் ஆறு கிடையாது. அங்கே ஓடும் கலவோன் கோடையில் வற்றிப்போகும். சற்றுத் தள்ளியுள்ள சோர்க் ஆறோ வருடம் முழுக்க ஏறக்குறைய 13 டிகிரி, பிள்ளைகள் கால் நனைத்துவிட்டு ஓடிவந்துவிடுவார்கள்.

அழகு என்று பார்த்தால் லுபெரோன்தான் மேல், அதில் சந்தேகமே இல்லை. சாயங்கால வெயிலில் கோர்த் கிராமம் மலைமேல் தேன் நிறத்தில் நிற்பதைப் பார்த்தால் காரை ஓரம் கட்டாமல் இருக்க முடியாது. ருசியோனில் குன்றே காவிமண். நடந்துவிட்டு வந்தால் செருப்பிலும் சட்டையிலும் அந்தச் சிவப்பு ஒட்டியிருக்கும். லாவெண்டருக்காகப் போகிறவர்கள் மட்டும் தேதியைக் கவனியுங்கள். 1148இல் தொடங்கிய செனாங்க் மடத்தின் முன்னால் உள்ள வயல் ஜூன் கடைசியிலும் ஜூலை முற்பாதியிலும்தான் பூத்திருக்கும். அதற்குப் பிறகு அறுவடை. நாள் தள்ளிப் போனால் உயரத்தில் இருக்கும் சோ என்ற ஊர் வரை ஏற வேண்டும்.

சந்தையிலும் லுபெரோனுக்கே வெற்றி. கோடையில் வில்லாக்களைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் தருவார்கள். உசேஸின் பெரிய சந்தையும் சனிக்கிழமை காலைதான். சாவி வாங்கச் சாயங்காலம் வருகிறோம், திருப்பிக் கொடுக்கக் காலையில் ஓடுகிறோம், இரண்டு சனியும் போய்விடுகிறது. மிஞ்சுவது புதன்கிழமைச் சந்தை. சின்னதுதான், ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர்களே கொண்டுவந்து விற்பார்கள். அங்கே வாங்கிய கத்தரிக்காயை, பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் இருந்து எடுத்துப்போன மிளகாய்த்தூள் போட்டு அக்கா பிரட்டலாக வைத்தாள். லுபெரோனில் செவ்வாய் கோர்த், வியாழன் ருசியோன், வெள்ளி லூர்மரன் என்று சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

வெயில் இரண்டு இடத்திலும் கடுமை. 2019 ஜூன் 28 அன்று உசேஸ் இருக்கும் கார் என்ற மாவட்டத்தில் 45.9 டிகிரி பதிவானது. அதனால் மின்விசிறி உண்டா என்பதோடு, சுவர் பழைய கல்லா, ஜன்னலுக்கு மரக்கதவு உண்டா என்றும் கேளுங்கள். காலை ஒன்பது மணிக்கே எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, இருட்டுக்குள் ஓட்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் சில்லென்று இருக்கும். இரவு ஒன்பதுக்கு மேல்தான் திறப்போம்.

இனிச் சொல்வதுதான் எனக்கு மிக முக்கியம். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, தரையில் தோண்டிய தனியார் குளத்துக்கு வேலி, அலாரம், மூடி, கூரை என்ற நான்கில் ஒன்று இருக்க வேண்டும். ஒன்று இருந்தால் போதும் என்பதுதான் சிக்கல். லுபெரோனில் நாங்கள் எடுத்த வீட்டில் அலாரம் மட்டும். மிஸ்ட்ரல் என்ற பலத்த வடகாற்று தண்ணீரை அலைக்கழிக்கும்போதெல்லாம் அது வீணாக அலறியதால், யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். அக்காவின் மூன்று வயது மகன் குளத்தின் படியில் தனியாக உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த அந்தக் கணம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. அதன்பிறகு வேலியும் தாழ்ப்பாளும் தெரியும் படத்தை அனுப்பச் சொல்லி வாங்கிய பிறகுதான் முன்பணம் கட்டுகிறோம்.

தென்மேற்கில் உள்ள தோர்தோஞ் போகலாமே என்பார்கள். பச்சைப்பசேல் என்ற ஊர். ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகையின் முழு நகலை 2016இல் திறந்தார்கள். ஆனால் மழை கூடுதல், ஆலிவும் சில்வண்டும் தேடிப் போகிறவருக்கு அது வேறு உலகம்.

இருவர் மட்டும், ஜூன் கடைசி வாரம் என்றால் யோசிக்காமல் லுபெரோன் போங்கள். செப்டம்பர் பாதிக்குமேல் உசேஸ் பக்கம் போகிறவர்கள் மட்டும் வானிலை எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். செவென் மலையில் கொட்டும் மழையால் கார்தோன் சில மணி நேரத்தில் பெருகிவிடும். 2002 செப்டம்பரில் அப்படித்தான் அந்த மாவட்டமே வெள்ளத்தில் மூழ்கியது.