டிசம்பர் விடுமுறைக்குப் பனி: நிசேகோவா, யோங்பியோங்கா, குல்மார்க்கா?

தீபாவளி முடிந்த கையோடு கேஎல், பினாங்கு குடும்பங்களின் வாட்சாப் குழுக்களில் ஒரு கேள்வி கிளம்பிவிடும்: "அண்ணே, டிசம்பர்ல போனா ஸ்னோ கேரண்டியா?" கூடவே யாராவது ஒருவர் பனி முன்னறிவிப்புப் படம் ஒன்றை எடுத்துப் போடுவார். உச்சியில் இத்தனை சென்டிமீட்டர் என்று அதில் பெரிய எண் இருக்கும். உடனே பத்துக் கட்டைவிரல்.

அந்த எண்ணை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது. மலிவு டிக்கெட் வேண்டுமென்றால் பல மாதம் முன்பே வாங்கியாக வேண்டும். வானிலைக் கணிப்போ, பனி எவ்வளவு விழும் என்பதை நான்கைந்து நாளுக்கு மேல் நம்பும்படி சொல்வதில்லை. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற கணினி வானிலைக் கணிப்பு 16 நாள் வரை எண்களைத் தரும்தான். ஆனால் பத்தாம் நாளுக்கு இன்று 40 செ.மீ. காட்டுவது நாளைக்குத் திறந்து பார்த்தால் 5 ஆகியிருக்கலாம். ஆகவே டிக்கெட் வாங்கும் நேரத்தில் பார்க்க வேண்டியது, அந்த மலைக்குப் பனி எந்த வழியாக வருகிறது என்பதைத்தான். முன்னறிவிப்பின் வேலை அங்கே போய் இறங்கிய பிறகு தொடங்குகிறது.

முதலில் ஜப்பானின் நிசேகோ, ஏனென்றால் அதிகம் பேர் கேட்பது அதைத்தான். சைபீரியாவிலிருந்து கிளம்பும் உறைகாற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, ஹொக்கைடோவின் மேற்கு மலைகளில் முட்டிக் கொட்டுகிறது. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் ஆண்டு இறுதியில் வெள்ளம் கொண்டுவரும் பருவக்காற்றுக்கும் மூலம் அதே சைபீரியக் குளிர்தான். நமக்கு மழை, அவர்களுக்குப் பனி. புயல் எதுவும் வர வேண்டியதில்லை. காற்று வடமேற்கிலிருந்து வீசினாலே போதும், நாள் கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு பருவத்துக்குச் சுமார் 15 மீட்டர் என்று சொல்வார்கள். நிசேகோவின் அன்னுபுரி மலையின் உயரம் வெறும் 1,308 மீட்டர்தான், நம் கெந்திங்கைவிடக் குறைவு. அங்கே பனிக்குக் காரணம் உயரமல்ல, கடல்.

ஆனால் டிசம்பர் வேறு, ஜனவரி வேறு. சறுக்குதளங்கள் நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் திறக்கும். டிசம்பர் முதல் பாதியில் அடிப்பனி இன்னும் மெல்லியதாக இருக்கலாம், புதர்கள் தலைநீட்டும், கீழ்ப்பகுதியில் மழைகூடப் பெய்யலாம். கிறிஸ்துமஸ் வாரத்தில் பொதுவாக நன்றாக இருக்கும். உச்சகட்டம் ஜனவரியும் பிப்ரவரியும். அந்த மாதங்களில் போக நினைப்பவர்களுக்கு இன்னொரு யோசனை உண்டு: தைப்பூச விரதம். மீசோ சூப்பிலேயே மீன் சாறு இருக்கும் ஊரில் சைவமாக ஒரு வாரம் ஓட்டுவது லேசான காரியமில்லை. சமையலறையுள்ள அறையாகப் பார்த்து எடுத்து, பருப்பும் ரசப்பொடியும் கட்டிக்கொண்டு போனால் பிழைக்கலாம்.

டிசம்பரில் சூரியன் மாலை நான்கு மணிக்கே மறைந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே இருக்கும் நான்கு தளங்களில் ஒன்றான நிசேகோ வில்லேஜ் நம்ம மலேசிய நிறுவனமான ஒய்டிஎல் கையில்தான் இருக்கிறது என்பதற்காக நமக்குக் கழிவு எதுவும் கிடைக்காது. கேஎல்லிலிருந்து சப்போரோவின் நியூ சிட்டோசேக்கு ஏர் ஆசியா எக்ஸ் நேரடியாகப் பறக்கிறது, அங்கிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் அளவில். பினாங்குக்காரர்கள் எப்படியும் ஓரிடத்தில் விமானம் மாறியாக வேண்டும்.

யோங்பியோங் முற்றிலும் வேறு கதை. கொரியாவின் குளிர்காலத்தில் அதே சைபீரியக் காற்று நிலத்தின் வழியாக வறண்டு வருகிறது. குளிர் நிறைய, பனி கொஞ்சம். அதனால் தளங்கள் பெரும்பாலும் இயந்திரப் பனியை நம்பியே நடக்கின்றன. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஸ்லாலம் என்ற பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த இடம் இதுதான். இங்கே நம்மவர்கள் முன்னறிவிப்பைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். "ஒரு வாரம் முழுக்க ஸ்னோ ஜீரோ காட்டுது, கேன்சல் பண்ணிடலாமா?" என்று தங்கை மாப்பிள்ளை பதறியதைக் கேட்டிருக்கிறேன். பூஜ்யம் காட்டுவதில் தப்பே இல்லை. பீரங்கி மாதிரி நிற்கும் அந்த இயந்திரங்களுக்கு வேண்டியது பனி மேகமல்ல. குளிர்ந்த, வறண்ட இரவு. ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கும் அளவு, மைனஸ் 2 அல்லது 3 டிகிரிக்குக் கீழே போனால் இயந்திரம் ஓடும். காற்று வறண்டிருந்தால் வெப்பமானி பூஜ்யத்தைக் காட்டும்போதே ஓட்டலாம். எனவே யோங்பியோங்குக்குப் போகிறவர் பார்க்க வேண்டியவை இரவு வெப்பநிலையும் ஈரப்பதமும். பயப்பட வேண்டியது நடுவில் வரும் மழைக்கு மட்டும்.

அந்தப் பனியின் தரம்? பினாங்கு ஐஸ் கச்சாங் மாதிரி நறநறவென்று, இறுகிக் கெட்டியாக இருக்கும். விழுந்தால் வலிக்கும். ஆனால் முதன்முறை ஸ்கீ மாட்டுகிறவருக்குச் சமமாக உருட்டித் தேய்த்த இந்தத் தளம் ஒருவகையில் வசதி. பவுடர் எனப்படும் மெத்தென்ற புதுப் பனி முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தால், பழகாதவர் எழுந்து நிற்கவே திண்டாடுவார். ஜாக்கெட், கால்சட்டை வரை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். சியோலிலிருந்து கேடிஎக்ஸ் ரயில் ஜின்பு நிலையம் வரை போகிறது. குழந்தைகளோடு முதல் பயணம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். பனி விழுவதைப் பார்க்கும் ஆசை நிறைவேறாமல் போகலாம் என்பதை மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காஷ்மீரின் குல்மார்க்கை ஆதரிப்பவர்கள் எப்போதும் சாப்பாட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். உண்மைதான், சைவத்துக்குக் கவலையில்லை. டில்லி வழியாக ஸ்ரீநகர், பிறகு காரில் மலையேற வேண்டும். இந்திய விசாவும் எடுக்க வேண்டும். ஊரே சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. கோண்டோலா என்ற கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம் 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே வரை கொண்டுபோகும். கடல் மட்டத்திலேயே வாழும் நமக்கு அங்கே இறங்கியதும் தலைவலியும் மூச்சிரைப்பும் வருவது சகஜம்.

பனி விஷயத்தில் மூன்றிலும் சூதாட்டம் இதுதான். மத்திய தரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற காற்றழுத்த அலைகள்தான் காஷ்மீருக்குப் பனி தருகின்றன. ஓர் அலை வந்தால் ஓரிரு நாளில் ஆளுயரம்கூடக் கொட்டும். வராவிட்டால் வாரக்கணக்கில் வெறும் வெயில். டிசம்பர் 21-இல் தொடங்கும் சில்லாய் கலான் என்ற நாற்பது நாள் கடுங்குளிர்காலத்திலேயே இப்படி நடக்கும். 2024 ஜனவரியில் குல்மார்க் மலைகள் புல்லும் மண்ணுமாகக் கிடந்தது செய்திகளில் வந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே தள்ளிவைத்தார்கள். தேதியை மாற்றிக்கொள்ள முடிந்தவருக்கு மட்டும் இந்த இடம்: அலை ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் வரும்போதே நான்கைந்து நாள் முன்கூட்டித் தெரிந்துவிடும், உடனே கிளம்பலாம். விடுப்பை மனிதவளத் துறையிடம் ஜூனிலேயே எழுதிக் கொடுத்தவர் என்ன செய்வார்? கொட்டிய மறுநாளும் பனிச்சரிவு அபாயம், காற்று என்று இரண்டாம் கட்டத்தை மூடிவைத்திருப்பார்கள். 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பெரியவர்கள் தயங்குவதும் நியாயமே.

சரி, நிசேகோ என்று முடிவாகி, போயும் சேர்ந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இப்போது முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது? அடிவாரம், நடு, உச்சி என்று மூன்று வரிசை இருக்கும். எல்லாரும் உச்சியைப் பார்ப்பார்கள், நாமும் பிள்ளைகளும் இருக்கப்போவது அடிவாரத்தில். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஜார்ஜ்டவுனில் வேர்த்துக்கொண்டு ரயிலேறினால் 833 மீட்டர் கொடிமலையில் ஐந்து டிகிரி குறைந்திருப்பது இதே கணக்கில்தான். உறைநிலை உயரம், அதாவது வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும் உயரம், 900 மீட்டர் என்று போட்டிருந்தால், லிஃப்ட் மேலே முடியும் இடத்தில் பனி விழும், 300 மீட்டர் அடிவாரத்தில் பெரும்பாலும் மழைதான்.

அடுத்தது நீர் அளவு. ஒரு மில்லிமீட்டர் நீருக்கு ஒரு சென்டிமீட்டர் பனி என்பது பழைய வாய்ப்பாடு. ஹொக்கைடோவின் இலேசான பனி அதைவிட உயரமாகக் குவியும். தவிர, உலகம் முழுவதற்கும் கணிக்கும் கணினிகள் நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் பார்க்கின்றன, ஒரு கட்டம் 9 முதல் 13 கிலோமீட்டர் அகலம். கடலிலிருந்து வரும் ஒல்லியான மேகப் பட்டைகள் அந்தச் சல்லடையில் தப்பிவிடும். அதனால் நிசேகோவில் 5 செ.மீ. என்று காட்டிவிட்டு இருபது விழுவது உண்டு. ஜப்பான் வானிலை நிறுவனத்தின் பக்கத்தில் நிசேகோவை ஒட்டிய குட்சான் ஊர் நிலையத்தின் பனி ஆழம் மணிக்கு மணி வருகிறது. நேற்றிரவு உண்மையில் எவ்வளவு விழுந்தது என்று காலையில் பசியாறும்போதே அதில் பார்த்துவிடலாம்.

அதைவிட முக்கியம், காற்று. பலத்த காற்றென்றால் மேல் லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள், மொத்தக் கூட்டமும் கீழே வரிசையில் நிற்கும். அப்படிப்பட்ட நாளைப் பயிற்சி வகுப்புக்கோ வெந்நீர்க் குளியலுக்கோ ஒதுக்குங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் விடுப்பு கிடைக்கும் என்பவர்களுக்கு மேலே சொன்ன மூன்றும் உதவாது. ஆஸ்திரேலியாவின் பெரிஷர், திரெட்போ பக்கம் பாருங்கள். ஈரப்பனி, விட்டுவிட்டு வரும் பருவம். ஆனால் பெரிஷருக்கு அருகே ஸ்பென்சர்ஸ் கிரீக்கில் 1954 முதல் பனி ஆழத்தை அளந்து வெளியிட்டுவருகிறார்கள். உங்கள் தேதியை வைத்துக்கொண்டு பழைய ஆண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினால், டிக்கெட் வாங்கும் அன்று எந்த முன்னறிவிப்பும் தராத பதில் அதில் கிடைக்கும். பெரும்பாலும் ஜூலைக் கடைசிக்கு முன்னால் போகாதீர்கள் என்றுதான் அது சொல்லும்.