எஃப்.என்.பி. படிப்பு: மாநிலப் பல்கலைக்கழகமா, ஆன்லைன் கல்லூரியா?

அமெரிக்காவின் டெக்சாஸில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆகச் சில வருடம் ஓட்டிய பிறகு, நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதும் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் (எஃப்.என்.பி.) படிக்கலாம் என்று இறங்கியபோது என் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, கார் ஓட்டிப் போய்வரும் தூரத்தில் இருந்த மாநிலப் பல்கலைக்கழகம். இன்னொன்று, நாடு முழுக்க ஆள் சேர்க்கும் தனியார் ஆன்லைன் கல்லூரி. நான் முதலாவதில் சேர்ந்து முடித்தேன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

முதலில் வித்தியாசமே இல்லாத விஷயங்கள். இரண்டிலும் பி.எஸ்.என். (அமெரிக்க நர்சிங் இளங்கலைப் பட்டம்) அல்லது அதற்கு இணையான பட்டம் வேண்டும், நம் ஊர் பி.எஸ்சி. நர்சிங் அதற்குப் போதும். எந்தத் தடையும் இல்லாத ஆர்.என். லைசென்ஸ் வேண்டும். நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வை நிறைய இடங்களில் எடுத்துவிட்டார்கள். படித்து முடித்ததும் எழுதுவது அதே ஏ.என்.சி.சி. அல்லது ஏ.ஏ.என்.பி. சான்றிதழ்த் தேர்வுதான். ஆன்லைனில் படித்தவருக்கு வேலை தரமாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, என்னோடு வேலை செய்பவர்களில் இரண்டு வகையும் இருக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை.

சேர்க்கையில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான் சேர்க்கை, கடைசித் தேதி போனால் போனதுதான். ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.0, ரெஃபரன்ஸ் கடிதங்கள், ஏன் படிக்க விரும்புகிறேன் என்று ஒரு கட்டுரை, சில இடங்களில் நேர்காணல். பல கல்லூரிகள் நர்சிங்கேஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகத்தான் வாங்குகின்றன. ஆன்லைன் கல்லூரியில் வருடம் முழுக்க வாசல் திறந்தே இருக்கும், ஒரு படிவத்தை நிரப்பினால் போதும், அன்று சாயங்காலமே போன் வந்துவிடும், அப்புறம் நிற்காது.

இந்தியப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிப் பாடு இருக்கிறது. லைசென்ஸுக்காக சி.ஜி.எஃப்.என்.எஸ். (வெளிநாட்டு நர்ஸ்களின் படிப்பைச் சரிபார்க்கும் அமைப்பு, இப்போது ட்ரூமெரிட் என்று பெயர்) வழியாகச் செய்தது இதற்குச் செல்லும் என்று நினைத்து நிறைய பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். கல்லூரி கேட்பது பாடவாரியான மதிப்பீடு, டபிள்யூ.இ.எஸ். என்ற மதிப்பீட்டு நிறுவனம் வழியாகவோ சி.ஜி.எஃப்.என்.எஸ்.ஸின் கல்வி மதிப்பீடாகவோ. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் கிண்டியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வரவழைக்க வேண்டியிருக்கும், அதனால் கடைசித் தேதிக்குப் பல மாதம் முன்பே தொடங்குவது நல்லது, ஊரில் அலைய ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. நம் மதிப்பெண்ணைப் பார்த்து பயப்பட வேண்டாம், 60 சொச்சம் சதவீதத்தை இந்த ஊர் 60 மாதிரி எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இந்திய அளவுகோலை வைத்துத்தான் மாற்றுவார்கள். மாட்டிக்கொள்வது ஸ்டாடிஸ்டிக்ஸ். நம் பாடத்திட்டத்தில் அது ஆராய்ச்சியோடு சேர்ந்து ஒரே தாளாக வருகிறது, இங்கே சில கல்லூரிகள் தனிப் பாடமாக வேண்டும் என்கின்றன. அப்படிக் கேட்டால் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) ஒரு செமஸ்டர் எடுத்து முடித்துவிடலாம், பெரிய செலவில்லை.

சரி, இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் ஆன்லைன்தான் சுலபம் என்று தோன்றும். சேரும் வரைக்கும் சுலபம்தான். நான் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனது ஒரே ஒரு காரணத்துக்காக: பிரிசெப்டரை, அதாவது கிளினிக்கில் நம்மைக் கூட வைத்துப் பயிற்சி தருபவரை, யார் பிடித்துத் தருவது?

எஃப்.என்.பி. படிப்பில் பாதி உயிர் கிளினிக்கல் என்ற நேரடிப் பயிற்சியில்தான் இருக்கிறது. நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகளுக்கான தேசியப் பணிக்குழு 2022-ல் வெளியிட்ட தரநிலைப்படி குறைந்தது 750 மணி நேரம் நேரடியாக நோயாளிகளைப் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் 500 ஆக இருந்தது. அந்த நேரத்தை எங்கே வேண்டுமானாலும் கழிக்க முடியாது. பெரியவர்கள், முதியவர்கள், குழந்தைகள், பெண்கள் நலம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அதுவும் வெளிநோயாளி கிளினிக்கில். நாம் ஐ.சி.யூ.வில் வேலை செய்கிறோம், இத்தனை டாக்டர்களைத் தெரியும், யாராவது ஒருவர் சரி என்று சொல்ல மாட்டாரா என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நமக்குத் தெரிந்த டாக்டர்களோ பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள் இருப்பவர்கள், எஃப்.என்.பி. கணக்குக்கு உதவ மாட்டார்கள். குழந்தைகள் கிளினிக்கும் பெண்கள் கிளினிக்கும்தான் கிடைக்கவே கிடைக்காது, அங்கே எல்லாப் பள்ளிகளின் மாணவர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

ஒருவர் சரி என்று சொன்னாலும் வேலை முடியவில்லை. அந்த கிளினிக்கும் உங்கள் கல்லூரியும் ஒப்பந்தம் போட வேண்டும், இரண்டு பக்க வக்கீல்களும் பார்க்க வேண்டும், அதற்குள் செமஸ்டர் தொடங்கிவிடும். பெரிய கிளினிக் குழுமங்கள் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தோடு ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருக்கும், வேறு மாநிலத்துக் கல்லூரிப் பெயரைச் சொன்னால் அலுவலகத்தில் இருப்பவரே பேசி அனுப்பிவிடுவார். காசு வாங்கிக்கொண்டு பிரிசெப்டர் பிடித்துத் தரும் கம்பெனிகள் முளைத்திருப்பதே இந்தத் தட்டுப்பாட்டால்தான், அந்தக் காசு கல்லூரிக் கட்டணத்தில் சேராது, தனி.

என்னோடு நைட் ஷிஃப்டில் இருந்த ஒருவர் ஆன்லைனில் சேர்ந்து, தியரி எல்லாம் நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு, குழந்தைகள் கிளினிக் கிடைக்காமல் செமஸ்டரைத் தள்ளிக்கொண்டே போனார். டூட்டி முடிந்து தூங்காமல் கிளினிக் கிளினிக்காகப் போன் போடுவார். என் கல்லூரியில் எனக்கு இடம் ஒதுக்கி மின்னஞ்சல் வந்தது. தூரம்தான், அதிகாலையில் கிளம்ப வேண்டியிருந்தது, முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். ஆனால் போவதற்கு ஓர் இடம் இருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மாநிலப் பல்கலைக்கழகம் என்றாலே இடம் பிடித்துத் தருவார்கள் என்று கிடையாது. சில பல்கலைக்கழகங்களும் மாணவரையே தேடச் சொல்கின்றன, சில ஆன்லைன் கல்லூரிகளில் இடம் தேடித் தர ஆட்கள் இருக்கிறார்கள். "உதவி செய்வோம்" என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும், யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

"முதலில் ஆன்லைனில் சேர்ந்து வைப்போம், சரிப்படவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்பவர்களுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். மாறுவது பேருந்து மாறி ஏறுவது மாதிரி இல்லை. நான் விசாரித்த கல்லூரிகளில் வெளியிலிருந்து எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 6 முதல் 12 கிரெடிட் வரைதான். அதுவும் பி அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும், ஐந்து முதல் ஏழு வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும், பாடத்திட்டத்தைக் கொடுத்து இரண்டும் ஒன்றுதான் என்று காட்ட வேண்டும். ஆராய்ச்சி, நர்சிங் தியரி, ஹெல்த் பாலிசி மாதிரிப் பாடங்கள் சுலபமாகப் போகும். ஆங்கிலத்தில் மூன்று பி (P) என்று சொல்லும் பேத்தோஃபிசியாலஜி, ஃபார்மகாலஜி, ஃபிசிக்கல் அசெஸ்மென்ட் ஆகியவற்றைச் சிலர் எடுத்துக்கொள்வார்கள், சிலர் எங்களிடமே திரும்பப் படி என்பார்கள். கிளினிக்கல் நேரம் பொதுவாகப் போகாது, ஏனென்றால் தேர்வு வாரியத்துக்கு "இவர் இத்தனை மணி நேரம் முடித்தார்" என்று கையெழுத்துப் போடுவது பட்டம் தரும் கல்லூரி, வேறு இடத்தில் நடந்ததற்கு அவர்கள் ஏன் போடுவார்கள்? அதற்கும் மேல், பழைய கல்லூரி டீனிடமிருந்து நல்ல நிலையில்தான் விலகினார் என்று கடிதம் கேட்பார்கள். இரண்டு பாடத்தில் தோற்று வெளியே அனுப்பப்பட்டவர் என்றால் பல கல்லூரிகளில் கதவு அங்கேயே மூடிவிடும். ஆக, தியரியை முடித்துவிட்டு கிளினிக்கலுக்கு இடமில்லாமல் நிற்பவர், மாற வேண்டிய அவசியம் வரும் அந்த நேரத்தில்தான் மாறினால் அதிகம் இழக்கிறார்.

ஆன்லைன் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, அது சின்ன விஷயம் இல்லை. கணவருக்கோ மனைவிக்கோ ஐ.டி. வேலை, எப்போது எந்த மாநிலத்துக்கு மாற்றுவார்கள் என்று தெரியாது என்றால், மாநிலப் பல்கலைக்கழகம் உங்களைக் கட்டிப்போட்டுவிடும். ஆன்லைன் கல்லூரி கூடவே வரும். ஆனால் அதிலும், புது மாநிலத்தில் கிளினிக்கல் நடத்த அந்தக் கல்லூரிக்கு அனுமதி இருக்க வேண்டும். உதாரணமாக வாஷிங்டன் மாநிலத்தில் வெளிமாநிலக் கல்லூரிகள் அந்த மாநில நர்சிங் வாரியத்திடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். டெக்சாஸில் கிடைத்த பல மாநில ஆர்.என். லைசென்ஸ் கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் செல்லாது. சேருவதற்கு முன்பே போக வாய்ப்புள்ள மாநிலங்களின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். டெக்சாஸில் 12 மாதம் குடியிருந்தால் மாநிலவாசிக் கட்டணம் கிடைக்க வழி உண்டு, அது எனக்குக் குறைவாக வந்தது. ஆஸ்பத்திரி தரும் படிப்பு உதவியில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது, இரண்டு பக்கமும் அது பொருந்தும். கடன் வாங்கிப் படிப்பவர்கள் கவனிக்க: 2025-ல் வந்த சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற மேற்படிப்புக்கான அரசுக் கடன் கிடையாது.

நான் சொன்னதெல்லாம் எஃப்.என்.பி.க்கு. மனநலம் எடுத்தவர்கள் தேடல் வேறு மாதிரி என்கிறார்கள், நான் அந்தப் பக்கம் போனதில்லை. எஃப்-1 மாணவர் விசாவில் நேரடியாகப் படிக்க வருபவர்களுக்கும் இது அப்படியே பொருந்தாது.

ஏற்கெனவே ஆன்லைனில் பாதியில் இருப்பவர்கள், மாறியே ஆக வேண்டும் என்றால் செமஸ்டர் நடுவில் விட்டுவிட்டு வராதீர்கள், நடக்கும் பாடத்தை முடித்து மதிப்பெண் ஏறிய பிறகு விலகுங்கள். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் இப்போதே இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள், வெளியே வந்ததும் மாணவர் லாகின் மூடிவிடுவார்கள்.