ஊட்டி குளிர்ல ஏர்கன் பெல்லட்: எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் வாங்கலாமா?

ஏர் ரைஃபிள் வச்சிருக்கவங்க ஸ்கோப்புக்கு கணக்கு பாக்காம செலவு பண்ணுவாங்க, ஆனா உள்ள போடுற பெல்லட், அதாவது குட்டி ஈயக் குண்டு மட்டும் கடைல எது சீப்போ அது. மலை மேல இருக்கறவங்களுக்கு இது ரொம்பவே அடி வாங்கும், ஏன்னு கீழ சொல்றேன். நான் வச்சிருக்கறது சாதாரண பிரேக் பேரல் ஸ்ப்ரிங் ரைஃபிள் (பேரல மடக்கி ஸ்ப்ரிங்க இறுக்கற ரகம்), 4.5 எம்எம், குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூலுக்கு உள்ள அதனால லைசன்ஸ் வேண்டாத ரகம். 10 மீட்டர்ல பேப்பர் டார்கெட் மட்டும்தான் அடிக்கிறது. குரங்க விரட்டணும், காட்டுக்கோழி அடிக்கணும்னு வந்தவங்க இங்கயே நிறுத்திக்கோங்க, 1972 வனவிலங்கு சட்டத்துல உள்ள போனா ரிவ்யூ எழுதுனவன் வந்து ஜாமீன் எடுக்க மாட்டான்.

வாங்கினது ஜெர்மன் எச் அண்ட் என் கம்பெனியோட ஃபினாலே மேட்ச், 0.53 கிராம் எடை. இவங்க 1825ல ஆரம்பிச்ச கம்பெனி, ஈய வேலைல பழம் தின்னு கொட்டை போட்டவங்க. ஹெட் சைஸ், அதாவது பெல்லட் தலையோட விட்டம், 4.50 எம்எம் ஒரு டப்பா, 4.51 ஒரு டப்பா, ரெண்டும் வச்சுப் பாத்தா தான் நம்ம பேரலுக்கு எதுன்னு தெரியும்னு சேத்தே ஆர்டர் போட்டேன். கூட ஒப்பிட்டுப் பாக்க நம்ம நாட்டு தயாரிப்பு ஒண்ணு, பேரு வேண்டாம்.

முதல்ல அந்த பேர் சொல்லாத டப்பா. திறந்ததுமே அடில சாம்பல் கலர்ல ஈயத்தூள். பெல்லட்டோட பின்பக்கம் குழியா மெல்லிசா ஒரு ஸ்கர்ட் இருக்கும்ல, அது பாதிக்குப் பாதி நசுங்கி முட்டை வடிவத்துல இருக்கு. ஒரு கண்ணாடித் துண்ட லேசா சாய்ச்சு வச்சு ஒண்ணொண்ணா உருட்டி விட்டா நல்லது எது கெட்டது எதுன்னு தெரிஞ்சுடும், நல்ல பெல்லட் ஒரே மாதிரி வளைஞ்சு போகும், நசுங்குனது தள்ளாடும். பொறுக்கி எடுத்தா பாதி தேறும். டின் அடிக்கற பசங்களுக்கு அது போதும், சும்மா சொல்லக்கூடாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். நெருப்பு துப்பாக்கிக்கு வீட்லயே ஈயக் குண்டு வார்க்கற வெளிநாட்டுக்காரங்க குண்டோட அடில செம்புல ஒரு குட்டிக் கப்பு மாட்டுவாங்க, சூடான கேஸ் பக்கவாட்டுல நுழைஞ்சு ஈயத்த அரிக்காம இருக்க. அந்தக் கப்பு கோணலா உக்காந்தா குண்டு போற போக்கே மாறிடும். நம்ம ஏர்கன்ல நெருப்பும் இல்ல கப்பும் இல்ல, அந்த வேலைய பாக்கறது இந்த ஸ்கர்ட் தான். காத்து பின்னாடி வந்து முட்டுனதும் அது விரிஞ்சு பேரல் உள்ள இருக்கற வரிகள்ல அப்பிக்கணும். நசுங்குன இடத்துல அப்பாது, காத்து லீக், ஒரு பெல்லட் மேல போகும் அடுத்தது கீழ போகும், நாம கை நடுங்குதுன்னு நினைச்சுட்டு இருப்போம்.

இதுல ஊட்டி சமாச்சாரம் என்னன்னா, 2240 மீட்டர் உயரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல கிட்டத்தட்ட முக்கால் பங்கு தான். ஸ்ப்ரிங் ரைஃபிள் வெளிக்காத்த சிலிண்டருக்குள்ள இழுத்து அதையே அமுக்கித் தள்ளுது, இழுக்கறதே கம்மியா இருந்தா வேகமும் குறையும், பிஸ்டனுக்கு முன்னாடி மெத்தை மாதிரி நிக்கற காத்தும் கம்மி, அதனால பிஸ்டன் கடைசில போய் 'டங்'குனு மோதும். கோயம்புத்தூர்ல நைஸா சுட்ட அதே ரைஃபிள் இங்க உதறுதுன்னா காரணம் இதான். இந்த நிலமைல லூஸ் பெல்லட் போட்டா அழுத்தம் ஏறறதுக்கு முன்னாடியே அது கிளம்பிடும், இன்னும் மோசம்.

ஃபினாலே மேட்ச்ல 4.51 என் பேரலுக்கு டைட். கட்டைவிரல்ல அழுத்துனா நகம் வலிக்குது, வலுவா தள்ளுனா ஸ்கர்ட்ட நாமளே நசுக்கறோம். 4.50 கச்சிதம், விரல் நுனியால நேரா அமுக்குனா லேசா ஒரு பிடிப்பு தெரிஞ்சு ஸ்கர்ட் விளிம்பு பிரீச்சோட (பெல்லட் போடுற பேரலோட பின்வாய்) சமமா வந்து நிக்குது. வெளிய துருத்திட்டு இருந்தா பேரல மூடும்போது அந்த விளிம்பு மடங்கிடும், தலை கோணலா நுழைஞ்சா மூடறதுக்கு முன்னாடியே வெளிய எடுத்து வேற போடுங்க. ஸ்ப்ரிங் இறுக்காம பேரல மட்டும் திறந்து, மெல்லிசான மரக்குச்சியால பின்னாடி இருந்து ஒரு பெல்லட்ட மெதுவா தள்ளி வெளிய எடுத்துப் பாத்தேன், ஸ்கர்ட்ட சுத்தி வரி ஒரே அளவுல பதிஞ்சிருக்கு, தலைலயும் லேசா கோடு. அதான் வேணும்.

டார்கெட்ல ரிசல்ட்: 4.50 போட்டு அஞ்சு ஷாட் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையா கிழிச்சுது, லோக்கல் டப்பால பொறுக்காம போட்டது ஒரு ரூவா காசுக்கு வெளிய சிதறுச்சு. மேட்ச் கார்டுல 10 பாயின்ட் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர்ங்க, அந்த விளையாட்டுக்கு ஸ்கர்ட் நசுங்குன பெல்லட்லாம் சரிப்படாது.

குறை இல்லாம இல்ல. விலை லோக்கல விட பல மடங்கு. தகர டப்பா மூடி லூஸு, கூரியர்ல வரும்போது திறந்து கொஞ்சம் நசுங்கி வந்துச்சு, பப்பிள் ராப் சுத்தி அனுப்ப சொல்லிடுங்க. இன்னொண்ணு, மழைக்காலத்துல பனிமூட்டம் வீட்டுக்குள்ளயே வந்துடும், ஈரம் பட்டா பெல்லட் மேல வெள்ளையா பூக்கும், அரிசி டப்பால போடுற சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு உள்ள போட்டு வைங்க. துரு பிடிக்கும்னு பயந்து ரைஃபிள் உள்ள எண்ணெய் அடிக்காதீங்க, அந்த எண்ணெய் அமுக்கற சூட்டுல பத்திக்கிட்டு புகையோட 'டமார்'னு வெடிக்கும், பிஸ்டன் சீலும் போகும், குண்டுங்க ஒரே இடத்துல விழற குரூப்பும் போகும். பேரல் வெளிப்பக்கம் மட்டும் துணில தொட்டுத் துடைச்சா போதும். ஈயம் தொட்ட கையோட வர்க்கி எடுத்து திங்காதீங்க, சோப்பு போட்டு கழுவிட்டு.

அஞ்சுக்கு நாலு ஸ்டார், ஒரு ஸ்டார் அந்த மூடிக்கு குறைச்சது. 4.51 டப்பா கிட்டத்தட்ட முழுசா இருக்கு, குன்னூர் கோத்தகிரி பக்கம் யாருக்காவது பேரல் கொஞ்சம் லூஸா இருந்தா சொல்லுங்க, பாதி விலைக்கு தரேன்.